மூன்றாம் வாரத்து விலை

பிரான்ஸில், ஸ்ட்ராஸ்பூர் ரயில் நிலையத்துக்குப் பின்தெருவில் ஒரு சின்ன ஹோட்டல் இருக்கிறது. இரண்டாவது மாடியில் முற்றத்தைப் பார்த்த ஓர் அறை, அதில் மூன்று கட்டில். மார்ச் முதல் வாரத்தில் அந்த அறைக்கு ஓர் இரவுக்குத் தொண்ணூற்றிரண்டு யூரோ. இரண்டாம் வாரத்தில் தொண்ணூறு. நான்காம் வாரத்தில் தொண்ணூற்றைந்து. மூன்றாம் வாரத்தில் மட்டும் இருநூற்று நாற்பத்தொன்று.

அதே அறைதான். கட்டிலுக்கு மேலே மாட்டியிருந்த நாரைப் படம்கூட மாறவில்லை. நாங்கள் போக வேண்டியதோ மூன்றாம் வாரம்.

நான் இங்கிலாந்தில், லூட்டன் நகரத்து பஸ் டிப்போவில் கால அட்டவணை போடுகிறவள். காலை எட்டே கால் வண்டியில் திடீரென்று கூட்டம் ஏறினால், எங்கோ ஒரு பள்ளிக்கூடம் மணியை மாற்றியிருக்கிறது என்று எனக்குத் தெரியும். காரணம் இல்லாமல் கூட்டம் சேராது, கூட்டம் சேராமல் விலை ஏறாது. ஆகவே காரணத்தைத் தேடினேன். பள்ளி விடுமுறையா? இல்லை. ஈஸ்டரா? ஏப்ரலில்தான் வருகிறது. கிறிஸ்துமஸ் சந்தை எப்போதோ முடிந்துவிட்டது. அவர்களுடைய கால்பந்து அணி அந்த வாரம் வெளியூரில் ஆடுகிறது. மாரத்தான், இசை விழா, பல் மருத்துவர் மாநாடு எதுவும் கிடைக்கவில்லை. பக்கத்து ஹோட்டலைப் பார்த்தேன், அதற்கடுத்ததைப் பார்த்தேன். எல்லா இடத்திலும் மூன்றாம் வாரத்தில் ஒரே மேடு.

நாங்கள் மூன்று பேர். நான் நோரீன். மார்வா பஸ் ஓட்டுகிறாள். ஜசிந்தா ஒர்க்‌ஷாப்பில் மின்கோளாறு பார்க்கிற ஃபிட்டர். ஒன்பது வருடமாக மார்ச் மாதத்தில் மூன்று இரவு எங்காவது ஓர் ஊருக்குப் போய் வருகிறோம். ஒருத்தி ஊரைச் சொல்வாள், ஒருத்தி விமானச் சீட்டு எடுப்பாள், ஒருத்தி படுக்கை தேடுவாள். அடுத்த வருடம் வேலை சுற்றி மாறும். படுக்கைக்கு ஆளுக்கு நூற்றிருபது பவுண்டுக்கு மேல் போகக் கூடாது. மூவருக்கும் சம பங்கு, யாரும் யாருக்காகவும் கொடுக்கக் கூடாது. முதல் வருடம் போர்ட்டோவில் மார்வா என் மீன் சாப்பாட்டுக்குக் கொடுத்துவிட்டு எட்டு மாதம் அதைச் சொல்லிக் காட்டினாள். அன்று பிறந்த விதி அது. இன்னொரு விதியும் போர்ட்டோவில்தான் பிறந்தது: கடைசி இரவு ஊருக்குள்ளேயே தங்க வேண்டும். கடைசி வண்டியைப் பிடிக்க யாரும் சாப்பாட்டுக்கு நடுவே எழுந்து ஓடக் கூடாது.

இந்த வருடம் ஊரைச் சொன்னது ஜசிந்தா. ஸ்ட்ராஸ்பூர் தேவாலயத்துக்குள் வீட்டு உயரத்துக்கு ஒரு கடிகாரம் நிற்கிறது. பகல் பன்னிரண்டரைக்கு அதன் பொம்மைகள் எல்லாம் நடக்கும், மேலே சேவல் கூவும். அதன் பல்சக்கரங்களின் படத்தை ஜசிந்தா தன் கருவி அலமாரியின் கதவுக்கு உள்பக்கம் ஒட்டி வைத்திருக்கிறாள்.

சீட்டு எடுத்தது மார்வா. லூட்டனிலிருந்து பாசலுக்குப் போக வர நாற்பத்திரண்டு பவுண்டு, அங்கிருந்து ஸ்ட்ராஸ்பூருக்கு ரயில். பார்த்தவுடன் மூன்று பேருக்கும் வாங்கிவிட்டாள். ஒன்பது வருடமாக நாங்கள் செய்கிற தப்பு இதுதான். விமானம் மலிவு என்றதும் ஊரே மலிவு என்று நினைத்துவிடுவோம். படுக்கையைப் பார்த்துவிட்டுச் சீட்டை வாங்க வேண்டும் என்று ஒவ்வொரு வருடமும் பேசிக்கொள்கிறோம். ஒரு தடவையும் செய்ததில்லை. நாளை மாற்றவும் வழியில்லை. டிப்போவில் லீவு சுற்று முறையில் வரும். மூன்று பேருக்கும் ஒரே வாரம் கிடைக்க ஏழு பேரிடம் மாற்றல் வாங்கியிருந்தோம்.

செவ்வாய்க்கிழமை கேன்டீனில் விலையைச் சொன்னேன். மூன்று இரவுக்கு எழுநூற்று இருபத்து நான்கு யூரோ, ஆளுக்கு இருநூறு பவுண்டுக்கு மேல்.

ஜசிந்தா வேகவைத்த உருளைக்கிழங்கின் தோலை முட்கரண்டியால் ஓரமாகத் தள்ளிக்கொண்டே இருந்தாள். "எனக்கு முட்டி இன்னும் சரியாகலடி. படி ஏறி எறங்குறதெல்லாம் கஷ்டம். நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க."

"உன் ஊருக்கு நாங்க போயி என்னடி பண்றது?" என்றாள் மார்வா.

"கடிகாரத்த படம் எடுத்துட்டு வா."

"நான் எடுத்தா என் கட்டைவிரல்தான் விழும். ஒனக்கே தெரியும்."

ஜசிந்தா சிரித்தாள், ஆனால் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். அந்த வாரத்தை இன்னொரு ஃபிட்டர் கேட்டுக்கொண்டிருந்தான். லீவுப் பட்டியல் போடுகிற கிளைவ் என்பவனிடம், அவள் அதை வைத்துக்கொள்கிறாளா விடுகிறாளா என்று வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்குள் சொல்ல வேண்டும்.

அவள் போனதும் மார்வா தேநீர்க் கோப்பையை மேசையில் வைத்தாள். "முட்டியாம் முட்டி. நேத்து வண்டிக்கு அடியில நாலு மணி நேரம் கெடந்தா. அப்ப எங்க போச்சு அந்த முட்டி?"

எங்கள் இருவருக்கும் தெரியும். முட்டியில் நடந்த அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு அவள் அரை ஷிஃப்டுதான் வருகிறாள். அரை ஷிஃப்டுக்கு அரைச் சம்பளம். இலையுதிர் காலத்திலிருந்து அவள் கேன்டீனில் உருளைக்கிழங்கு தவிர வேறு வாங்கி நான் பார்க்கவில்லை.

"அவ பங்குல கொஞ்சத்த நாம போட்டுருவமா? சத்தமில்லாம" என்றேன்.

"போடு. அடுத்த வருஷம் நாம ரெண்டு பேர்தான் போவோம். அவ மூஞ்சியக்கூடப் பாக்க முடியாது." மார்வா கையுறையை எடுத்துக்கொண்டாள். "நூத்தி இருபதுக்குள்ள கண்டுபிடி, நோரீன். ஒன் சுத்து இது."

அதன் பிறகு என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. கெட்டிலில் தண்ணீர் கொதிக்கும் நேரத்தில் போனைத் திறப்பேன். கார் நிறுத்திய இடத்தில் திறப்பேன். பல் தேய்க்கும்போது இடது கையில் திறப்பேன். "இந்த விலையில் ஒரே ஓர் அறைதான் மிச்சம்" என்று சிவப்பு எழுத்து மின்னும். மறுபடி திறந்தால் அந்த ஓர் அறை இன்னும் மிச்சமாகவே இருக்கும், விலை மட்டும் இரண்டு யூரோ கூடியிருக்கும்.

வாடகை வீடுகளைப் பார்த்தேன். ஓர் இரவுக்கு நூற்றுப் பத்து என்று ஒன்று கிடைத்ததும் வங்கி அட்டையைத் தேடி எடுத்தேன். கடைசிப் பக்கத்தில் சுத்தம் செய்ய எண்பத்தைந்து, சேவைக்கு அறுபது என்று சேர்ந்துகொண்டது. இந்தச் சுத்தக் கூலி ஒரு வினோதமான சமாச்சாரம். ஒரு இரவு தங்கினாலும் எண்பத்தைந்து, பத்து இரவு தங்கினாலும் எண்பத்தைந்து. நீண்ட நாள் தங்குபவனுக்கு அது தூசி. மூன்று இரவுக்காரிக்கு அது நான்காவது இரவு. அதையும் விழுங்கிக்கொள்ளலாம் என்று பார்த்தால், வீடு ஐந்தாவது மாடி, லிஃப்ட் இல்லை. ஜசிந்தா பொய்க்குச் சொன்ன முட்டி அங்கே நிஜமாகிவிடும்.

விடுதிப் படுக்கையைப் பார்த்தேன். எட்டுப் பேர் படுக்கும் அறை. மார்வாவின் குறட்டையை நான் ஒன்பது வருடமாக அறிவேன். அந்த ஐந்து அந்நியர்கள் எனக்கு என்ன துரோகம் செய்தார்கள் என்று விட்டுவிட்டேன். ஆற்றைத் தாண்டினால் ஜெர்மனி, அங்கே கேல் என்ற சிற்றூர், டிராம் பாலத்தின் மேலேயே போகிறது. ஆஹா என்று பார்த்தால் கேலிலும் அதே மேடு. எது இந்த ஊரை நிரப்புகிறதோ அது எல்லை தாண்டியும் வழிந்திருந்தது.

வியாழக்கிழமை மார்வா கேட்டாள். "போன் பண்ணி ஏன்னு கேட்டா என்ன?"

"யாருக்கு?"

"ஹோட்டலுக்குத்தான். போன்னு ஒண்ணு கையில இருக்குல்ல. அதுல பேசவும் செய்யலாம்."

"என் பிரெஞ்சு ஒனக்குத் தெரியும். நைஸ் ஊருக்குப் போனப்ப ரொட்டி கேட்டேன், சோப்பு குடுத்தான்."

வெள்ளிக்கிழமை காலை பதினொன்றுக்கு ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். தோற்றுவிட்டேன் என்று நேரில் சொல்வதுதான் மரியாதை. ஜசிந்தா ஒரு பஸ்ஸின் பின்படியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்துத் தகடு கழற்றியிருந்தது, உள்ளே கம்பிகள் கொத்தாகத் தொங்கின. கையில் மீட்டர்.

"கெடைக்கலடி" என்றேன். "அந்த வாரமே செத்துப் போச்சு. எங்கயும் எடம் இல்ல."

அவள் மீட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "வாரம் முழுக்கவா?"

"ஆமா. செவ்வா, புதன், வியாழன். மூணு ராத்திரியும் எரநூத்தி நாப்பத்தி ஒண்ணு."

"மூணும் அதே வெலையா?"

"அப்படித்தான் போட்டிருக்கான்."

"அப்படிப் போட்டிருக்கானா, இல்ல நீ ஒவ்வொண்ணா பாத்தியா?"

நான் போனை வெளியே எடுத்தேன். அவள் கம்பிக் கொத்தைக் காட்டினாள். "இந்த வண்டில பின்னாடி எந்த வெளக்கும் எரியல. டிரைவர் என்ன எழுதிக் குடுத்தான் தெரியுமா? 'வயரிங் முழுக்க காலி.' முழுக்க காலின்னு ஒரு கோளாறு கெடையாதுடி. ஏதோ ஒரு துண்டுதான் காலியா இருக்கும்."

அவள் வேலை செய்கிற விதம் எனக்குப் பிடிக்கும். வண்டியின் முன்னாலிருந்து பின்னால் வரை ஒரு கம்பி போகிறது என்றால் அவள் ஒவ்வொரு விளக்காகத் தட்டிப் பார்க்க மாட்டாள். நேராக நடுவில் போய் மீட்டரை வைப்பாள். அங்கே மின்சாரம் இருந்தால் முன்பாதி நல்லது, கோளாறு பின்பாதியில். பிறகு பின்பாதியின் நடுவில் வைப்பாள். நான்கைந்து தடவைக்குள் அறுந்த இடம் விரல் நுனிக்கு வந்துவிடும்.

"குடு இங்க" என்று கையைத் துடைத்துக்கொண்டு என் போனை வாங்கினாள். வரமாட்டேன் என்று சொன்னவள்தான். கோளாறு ஒன்று கண்ணுக்கு முன்னால் இருந்தால் அவளால் சும்மா இருக்க முடியாது.

செவ்வாய் ஓர் இரவு மட்டும் என்று தேடினாள். நாரைப் படம் மாட்டிய அதே அறை, முந்நூற்றுப் பதினெட்டு. புதன் மட்டும். முந்நூற்றுப் பதினெட்டு. வியாழன் மட்டும்.

எண்பத்தெட்டு.

மூன்றையும் கூட்டினால் எழுநூற்று இருபத்து நான்கு. மூன்றால் வகுத்தால் இருநூற்று நாற்பத்தொன்று. மூன்று நாளாக நான் பார்த்துக் கலங்கிய எண் எந்த இரவின் விலையும் இல்லை. சராசரி. கொதிக்கிற இரண்டு வாளியையும் குளிர்ந்த ஒரு வாளியையும் ஒன்றாக ஊற்றி, மூன்றுமே சுடுதண்ணீர் என்று என்னிடம் காட்டியிருக்கிறார்கள். வாழ்நாள் முழுவதும் சராசரி போட்டே சம்பளம் வாங்குகிறவள் நான்.

"புதனுக்கும் வியாழனுக்கும் நடுவுல என்னமோ அறுந்து போவுது" என்றாள் ஜசிந்தா. "என்னான்னு கேளு. இப்பவே போடு போன."

பதினொன்று இருபது. எண்ணை அழுத்தினேன். எடுத்தவர் வெண்ட்லிங் என்று பெயர் சொன்னார், நல்ல வேளையாக ஆங்கிலம் பேசினார்.

"அந்த வாரம் சபை கூடுதே, மேடம்" என்றார், மழை பெய்கிறது என்று சொல்கிற குரலில்.

"எந்தச் சபை?"

"ஐரோப்பிய நாடாளுமன்றம். மாசத்துக்கு ஒரு தடவ இங்க வந்து உக்காருவாங்க, திங்கள்லேருந்து வியாழன் வரைக்கும். உறுப்பினருங்க, அவங்க உதவியாளருங்க, மொழிபெயர்க்கறவங்க, பத்திரிகைக்காரங்க, எல்லாரும் மொத்தமா வருவாங்க. எங்க பதினாலாம் நம்பர் ரூம பல வருஷமா ஒரே ஆள்தான் எடுக்கறாரு. அவரு தலகாணிகூட இங்கதான் இருக்கு."

"வியாழன்?"

"வியாழன் மத்தியானம் ஓட்டுப் போடுவாங்க. மூணு மணிக்கெல்லாம் தெருவுல பெட்டிச் சக்கரம் சத்தம் கேக்கும். ராத்திரி எங்க ஃபிரிட்ஜ் ஓடற சத்தம் எனக்கே கேக்கும், மேடம். அவ்ளோ அமைதி."

நன்றி சொல்லி வைத்தேன். ஜசிந்தாவிடம் சொன்னபோது அவள் தலையை ஆட்டினாள். அந்த நேரம் பார்த்து மார்வா ஷிஃப்டு இடைவேளையில் கையில் இஞ்சிக் கேக்கோடு உள்ளே வந்தாள். அவளுக்கும் சொன்னேன்.

"அடிப்பாவி, இது தெரியாமலா மூணு நாள் பேய் மாதிரி அலைஞ்ச?"

"ஒனக்குத் தெரிஞ்சுதா?"

"எனக்கெப்படித் தெரியும்? நாமதான் ஐரோப்பிய யூனியனோட சண்டை போட்டுட்டு அந்த வீட்ட விட்டே வந்துட்டமே. அவங்க எந்த நாளு எங்க உக்காந்து சாப்பிடறாங்கன்னு யாரு பாத்தா?"

காரணம் கிடைத்துவிட்டது. படுக்கை இன்னும் கிடைக்கவில்லை. வியாழன் இரவு ஒன்று கையில், செவ்வாயும் புதனும் தெருவில். பதினொன்று முப்பத்தைந்து. ஜசிந்தா மீட்டரை மறுபடி கையில் எடுத்திருந்தாள். முகம் பழையபடி மூடிக்கொண்டிருந்தது.

"ஒரு ராத்திரிக்காக நீங்க எதுக்கு..." என்று ஆரம்பித்தாள்.

"இரு" என்றேன்.

டிப்போவில் விசாரணை ஜன்னலும் என் பொறுப்புதான்; அங்கே வருகிறவர்கள் தினமும் ஒரு கேள்வி கேட்பார்கள்: இங்கிருந்து அந்தக் கிராமத்துக்கு பஸ் இருக்கிறதா? இல்லை என்று இயந்திரம் சொல்லிவிட்டது என்பார்கள். நான் எரிச்சலோடு சொல்வேன், நேர் பஸ் இல்லை, ஆனால் நடுவில் மாறிப் போகலாமே, இயந்திரத்திடம் நேர் பஸ் மட்டும் கேட்டால் அது வேறென்ன சொல்லும் என்று. நானும் இந்தத் தளத்திடம் மூன்று இரவுக்கும் சேர்த்து ஒரே கட்டில்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். நடுவில் மாறுகிற கட்டில் உண்டா என்று நான் கேட்கவும் இல்லை, அதற்குச் சொல்லவும் தெரியாது.

எங்கே மாறுவது? கேல் ஆற்றுக்கு அந்தப் பக்கம், டிராமில் கால் மணி. அவ்வளவு அருகில் கூட்டம் வழியும். தள்ளிப் போக வேண்டும், ஆனால் நாங்கள் எப்படியும் போகிற வழியில் இருக்க வேண்டும். பாசல் விமான நிலையத்திலிருந்து ரயிலடிக்கு ஒரு பஸ், அங்கிருந்து வடக்கே ஒரே தண்டவாளம். மியூலூஸ், கோல்மார், செலஸ்தா, ஸ்ட்ராஸ்பூர். நான் அந்த வரிசையைப் பின்னாலிருந்து படித்தேன். ஸ்ட்ராஸ்பூருக்கு முந்தைய நிறுத்தமாக எங்கள் ரயில் நிற்கிற ஊர் செலஸ்தா. இடையே அரை மணி நேரம்கூட இல்லை.

செலஸ்தாவில் செவ்வாய், புதன் என்று தேடினேன். ரயிலடியிலிருந்து ஐந்து நிமிட நடையில் ஒரு ஹோட்டல், மூன்று கட்டில் அறை. மற்ற வாரங்களில் எழுபத்து நான்கு. அந்த வாரம் எண்பத்தொன்று. அலை அங்கே வந்து சேரும்போது ஏழு யூரோ உயரம்தான் மிச்சம்.

"லிஃப்டு?" என்று கேட்டாள் ஜசிந்தா. முட்டியைப் பற்றி அவள் உண்மையாகக் கேட்ட முதல் கேள்வி.

"ரூமே கீழ்த்தளம்."

"புதன்கிழமை?"

"காலைல ரயில்ல ஸ்ட்ராஸ்பூர் போயிட்டு சாயங்காலம் திரும்பிரலாம். ஆளுக்குப் பத்தொம்பது யூரோ. அது ஒண்ணுதான் கூடுதல் செலவு. செவ்வாயும் வியாழனும் ரயில் எப்படியும் நாம போற வழிதான், நடுவுல எறங்கி ஏறுறோம், அவ்ளோதான்."

"வியாழன் காலைல பெட்டிய என்ன பண்றது? அறை மூணு மணிக்குத்தான் குடுப்பான். பெட்டிய இழுத்துக்கிட்டு கடிகாரத்துக்கு முன்னாடி நிக்க முடியுமா?"

அவள் அப்படித்தான். சரி என்பதற்கு முன்னால் எங்கே அறும் என்று நான்கு இடத்தில் மீட்டர் வைத்துப் பார்ப்பாள். வெண்ட்லிங்குக்கு மறுபடி போன் போட்டேன். பத்து மணிக்கே கொண்டு வந்து வையுங்கள், லிஃப்ட் மட்டும் சின்னது, ஓர் ஆளும் ஒரு பெட்டியும்தான் போகும் என்றார்.

"கடைசி ராத்திரி ஊருக்குள்ளயா?" என்றாள் மார்வா.

"ஊருக்குள்ளதான். சாப்பிட்டு நடந்து வந்து படுக்கலாம்."

"அப்ப போர்ட்டோ விதி ஒடையல." கேக்கை மூன்றாக வெட்டினாள்.

ஜசிந்தா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பன்னிரண்டுக்கு ஏழு நிமிடம். பென்சிலை எடுத்துத் தகட்டின் பின்புறத்தில் தானே கூட்டினாள். இரண்டு இரவு எண்பத்தொன்று, ஓர் இரவு எண்பத்தெட்டு, மூன்று பேருக்குப் புதன்கிழமை ரயில், ஹோட்டலில் தலைக்கு வாங்கும் நகர வரி. மூன்றால் வகுத்து, பவுண்டாக மாற்றி, அடியில் ஒரு கோடு இழுத்தாள். பிறகு சுவரில் இருந்த டிப்போ போனை எடுத்தாள்.

"கிளைவா? ஜசிந்தா பேசறேன். மார்ச் மூணாவது வாரம் எனக்குத்தான். யாருக்கும் குடுத்துராத."

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "இன்னொரு தடவ சொல்லு. எங்கயும் அறாம இருக்கான்னு கேக்கணும்."

சொன்னேன். செவ்வாய், புதன் இரண்டு இரவும் செலஸ்தா. வியாழன் காலை பெட்டிகளோடு ரயில், பத்து மணிக்குப் பெட்டிகள் வெண்ட்லிங்கிடம், பன்னிரண்டரைக்குக் கடிகாரம். மூன்று மணிக்கு அவர்கள் கிளம்புவார்கள், நாம் அவர்கள் காலி செய்த ஊரில் படுப்போம். ஆளுக்குத் தொண்ணூற்று மூன்று பவுண்டு.